பெரிய மினாராவைப் போல் ஏழரை மடங்கு

சிங்கப்பூர்

அன்புமிக்க வாப்பா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் இங்கு நான் நலம். தங்கள் நலத்தையும், உம்மாவின் முட்டுவலி குறைந்திருக்கிறதா என்பதையும் அறிய ஆவல்.

சென்ற வாரம் தொலைபேசியில், "நம் நாகூர் எஜமான் ஷாகுல் ஹமீது பெயரிலான தர்கா அங்கே இன்னும் நிற்கிறதா, கட்டடங்கள் எழும்பி மறைத்துவிட்டனவா" என்று கேட்டீர்கள். அவசரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தி அல்ல என்பதால் எழுதுகிறேன்.

தர்கா நிற்கிறது, வாப்பா. தெலுக் ஆயர் தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களான நம் சூலியா முன்னோர்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுப்பிய அந்தச் சிறு கட்டடம், 1974 முதல் தேசிய நினைவுச்சின்னமாகவும், புதுப்பிக்கப்பட்ட பின் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகவும் இருந்து வருகிறது. 1827-இல் காதர் பிள்ளை என்பவருக்கு அந்நிலம் அளிக்கப்பட்டபோது, அதை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒவ்வொரு அடி நிலத்துக்கும் விலை ஏறிக்கொண்டே போகும் இவ்வூரில், அந்தப் பழைய நிபந்தனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பாட்டனார் சொன்ன கடற்கரை மட்டும் இங்கே இல்லை. அந்தத் தெருதான் ஒரு காலத்தில் கரை. கப்பலை விட்டு இறங்கியவர்கள் முதலில் நன்றி சொல்லித் தொழுத இடங்களாகத்தான் தர்காவும், குச்சுப் பள்ளி என்னும் அல்-அப்ரார் பள்ளிவாசலும், சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயிலும் அங்கே வரிசையாக அமைந்தன. 1879-இல் தொடங்கிக் கடலைத் தூர்த்தார்கள். இன்று அந்தக் கடலின் மேல்தான் ராபின்சன் சாலையும் ஷென்டன் வேயும் இருக்கின்றன; நான் வேலை பார்க்கும் கட்டுமானத் தளமும் அந்தப் பக்கம்தான்.

இங்கே நடப்பதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி. ஷென்டன் வேயில் 52 மாடியாக நின்ற கட்டடம் ஒன்றை இடித்துவிட்டு, அதே இடத்தில் 63 மாடியில், 305 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் எழுப்புகிறார்கள். அது பெரிய மினாராவைப் போல் ஏழரை மடங்கு. பழைய அலுவலகக் கட்டடங்களை இடித்து, வீடுகளும் கடைகளும் விடுதிகளும் கலந்து கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு தரும் திட்டத்தை அரசு 2019-இல் கொண்டுவந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் ஆளரவமற்றுப் போகும் வட்டாரத்தில் மறுபடி மனிதர்கள் குடியிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் இதே தஞ்சோங் பகார் பக்கத்தில் துறைமுகக் கூலிகளாகவும் கடைக்காரர்களாகவும் நம் தமிழ் மக்கள், குறிப்பாகக் கடையநல்லூர், தென்காசிக்காரர்கள், நெருக்கமாக வாழ்ந்தார்கள். வட்டாரத்தைச் சீரமைத்தபோது அவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். அவர்கள் போன பிறகு, 1989-இல், கடைவீடுகளைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. முகப்பு மாறவில்லை, ஓட்டுக்கூரை மாறவில்லை; உள்ளே காப்பிக் கடைகளும் அலுவலகங்களும் மதுக்கூடங்களும் இருக்கின்றன. சுவருக்குக் கிடைத்த காவல் அந்தச் சுவருக்குள் வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. எழும்பும் வீடுகளிலும் எங்களைப் போன்றவர்கள் குடியேறப் போவதில்லை. பக்கத்து டக்ஸ்டனில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய ஐம்பது மாடி வீடுகள் 1,848 குடும்பங்களுக்கு இடம் தந்திருப்பதைப் பார்க்கும்போது, உயரம் மட்டுமே குற்றம் இல்லை என்றும் தோன்றுகிறது.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். தூர்த்த நிலமாதலால் அடியில் முழுக்கக் கடற்களிமண். அடித்தளம் தோண்டும்போது நிலத்தடி நீர் இறங்கினால் பக்கத்து மண் அமிழும். பழைய கடைவீடுகளுக்கோ ஆழமான அடித்தளம் கிடையாது. ஆகவே அவற்றின் சுவர்களில் விரிசல் அளக்கும் கருவிகளைப் பொருத்தி, தினமும் காலையில் அளவு குறித்து வருகிறேன். வரம்பைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். ஒரு வீட்டின் சுண்ணாம்புச் சுவரில் கை வைத்து அந்த அளவைப் பார்க்கும்போது, பாட்டனார் ரஜூலா கப்பலில் வந்து தங்கிய வீடு இதுவாகவும் இருக்கலாமே என்று தோன்றும். அன்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துத்தான் எண்ணை எழுதுவேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். பாட்டனார் இங்கிருந்து அனுப்பிய பழைய கடித உறைகள் மாடித் தகரப்பெட்டியில் இருந்தன. அவற்றில் வீட்டு எண் இருக்கிறதா என்று பார்த்து, தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த வீடு இருக்கும் தெருவின் ஓரத்திலும் அடுத்த மாதம் தோண்டத் தொடங்குகிறார்கள் என்று கேள்வி.

உம்மாவுக்கும் தம்பிக்கும் என் சலாம்.

தங்கள் அன்பு மகன்