மண்ணில் இருக்கிறது, பயிருக்குக் கிடைக்கவில்லை

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கு ஐந்து மாதமாகப் பதில் போடவில்லை. கோபத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள். அம்மா நலம். சின்னவன் பரீட்சை முடித்துவிட்டான். நம் நெட்டை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்தாள், வழக்கம்போல் குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நெல் நடவு முடிந்து 20 நாள் இருக்கும். மேட்டுப் பக்கம் பயிர் தூர் கட்ட ஆரம்பித்துவிட்டது. பள்ளத்துப் பக்கம் மட்டும் நட்ட மேனிக்கே நின்றது. இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுத்திருந்தது, கீழ் இலைகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள். வரப்பில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் “தழைச்சத்து பத்தலை, யூரியா போடு” என்றார்கள். நின்ற தண்ணீரிலேயே வீசினேன். பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் வீசினேன். பயிர் பச்சை கட்டவே இல்லை. ராத்திரி தூக்கம் போய்விட்டது எனக்கு.

ஒரு காலையில் ஒரு குத்துப் பயிரைச் சேற்றோடு பெயர்த்து வரப்பில் வைத்துப் பிளந்து பார்த்தேன். மேலாக மெல்லிய செம்பழுப்புத் தோல், அதற்குக் கீழே முழுக்க நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். அழுகிய முட்டை நாற்றம் வேறு. பழைய வேர்கள் கறுத்துக் கிடந்தன. கட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் போனால் அதன் வெளிப்புறம் பூராவும் துருநிறமாக மாறியிருந்தது! பிட்டுப் பார்த்தேன், உள்ளே அதே சாம்பல். அப்போதுதான்டி உன் ஞாபகம் வந்தது. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று விடிய விடிய என்னை ஒப்பிக்க வைத்தாயே, அது என் வரப்பு மேல் ஒரே பகலில் நடந்து முடிந்திருந்தது.

அதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் தண்ணீர் கட்டிய ஓரிரு நாளில் நுண்ணுயிரிகள் மண்ணில் மிஞ்சிய ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அப்புறம் அவை மூச்சுவிடும்போது வெளியாகும் எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள வேறு ஆள் வேண்டுமே? நைட்ரேட்டைப் பிடிக்கின்றன, அடுத்து மாங்கனீசு, அடுத்து இரும்பு, பிறகு சல்பேட். எல்லாம் ஓய்ந்தால் மீத்தேன். நான் பார்த்த சாம்பல் நிறம் எலக்ட்ரானை வாங்கி ஒடுங்கிய இரும்பு, அந்த நாற்றம் சல்பேட்டின் முறை வந்துவிட்டதற்கு அடையாளம்.

இதில் நல்லதும் உண்டு. இரும்பு ஒடுங்கும்போது அது பிடித்து வைத்திருந்த மணிச்சத்து விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. அமில மண்ணின் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏறுகிறது, கார மண்ணுடையது இறங்குகிறது, இரண்டும் 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இதையெல்லாம் ஒரு சேரத் தொகுத்தவர் இலங்கைக்காரரான பொன்னம்பெரும, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். 1972-ல் வந்த அவருடைய நீண்ட கட்டுரையை இன்றைக்கும் எடுத்துப் பேசுகிறார்கள். நெல் மட்டும் என்ன லேசுப்பட்டதா? தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக ஆக்சிஜனை வேருக்கு இறக்கி, வேரைச் சுற்றி இரும்பைத் துருவாக்கி உறை போட்டுக்கொள்கிறது. மேட்டுப் பக்கத்துப் பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன், வேரெல்லாம் செந்நிறம், நுனி மட்டும் வெள்ளை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

என் பயிருக்கு வந்தது துத்தநாகக் குறை. அதே துருப்புள்ளி நோயை வடக்கே ‘கைரா’ என்பார்கள். அது துத்தநாகம் இல்லாமல் வருவது என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்த நேனே என்ற விஞ்ஞானி 1966-லேயே எழுதியிருக்கிறார். என் மண் சுண்ணாம்பு மண். பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் நிற்க நிற்க பைகார்பனேட்டும் சல்ஃபைடும் பெருகித் துத்தநாகத்தைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. மண்ணில் இருக்கிறது, பயிருக்குக் கிடைக்கவில்லை. நான் யூரியாவைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த யூரியாவும் பயிருக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பகலில் தண்ணீரில் இருக்கும் பாசி கரியமிலவாயுவை இழுத்துக்கொள்வதால் மத்தியானம் தண்ணீரின் பிஹெச் 9-ஐயும் தாண்டிவிடும். யூரியாவிலிருந்து வந்த அம்மோனியம் அப்போது அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடுகிறது.

தண்ணீரை வடித்து மயிரிழை வெடிப்பு தெரியும் வரை காயவிட்டேன். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட் (துத்தநாக உப்பு), 100 கிராம் யூரியா கரைத்து இலைமேல் தெளித்தேன். இரண்டு வாரத்தில் புதிய இலை பச்சையாக வந்தது. அடுத்த முறை ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை நடவுக்கு முன்பே போட்டுவிடுவேன். மணிச்சத்து உரமான டிஏபியோடு கலக்க மாட்டேன், கலந்தால் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேனும் குறையும் என்கிறார்கள். ஆனால் காயும்போது அம்மோனியம் நைட்ரேட்டாகும், மறுபடி தண்ணீர் கட்டினால் அந்த நைட்ரேட் வாயுவாகப் பறந்துவிடும். எத்தனை நாள் காயவிடுவது என்பதில்தான் இன்னும் என் மனது நிற்கிறது. நீ உட்கார்ந்து யோசித்து எழுது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன் என்று சாக்குச் சொல்லாதே.

இவ்வளவும் இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உன் அண்ணன். பயிர் வெளுக்கிறது, நாளை மறுநாள் யூரியா வீசப்போகிறேன் என்று போனில் சொன்னார். நான் சொன்னால் சிரிக்கிறார், உன் பேச்சைக் கேட்பார். முதலில் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பார்க்கச் சொல். யூரியா போடத்தான் வேண்டுமென்றால் தண்ணீரை வடித்துச் சேற்றின் மேல் போட்டு மிதித்துவிட்டு, அப்புறம் மடையைத் திறக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே சொல்லிவிடு.

உன்
மூன்றாம் பெஞ்சுக்காரி