இடைவேளையில் ஒதுக்கப்படும் மாணவிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு என்றதும் மேசைமேல் ஏறிக் குதிக்கும் பையன்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறான். பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் கவனச்சிதறலே மேலோங்கி நிற்கும். வகுப்பைக் குழப்பாததால் யார் கண்ணிலும் படாது. புள்ளி குறைவது தெரியும். கூட்டாளிகள் குறைவதை எவரும் கவனிப்பதில்லை.

இத்தகைய பிள்ளை செய்வது திமிரல்ல. சொல்ல வந்தது மறந்துபோகுமே என்ற அவசரத்தில் மற்றவள் பேச்சை இடையில் வெட்டுவாள். ஐந்து கல் ஆடும்போது தன் முறை வரும்வரை பொறுக்கமாட்டாள். இரவல் வாங்கிய அடிமட்டத்தைத் திருப்பிக் கொடுக்க மறப்பாள். காதோடு சொன்ன இரகசியம் வாய்தவறி வெளியே வந்துவிடும். இந்தக் கடைசிக் குற்றத்துக்குத்தான் மன்னிப்பே கிடையாது. பத்து, பன்னிரண்டு வயதில் பெண்பிள்ளைகளின் சிநேகம் பேச்சிலும் இரகசியத்திலும்தான் நிற்கிறது. தண்டனையும் சத்தமில்லாதது: வாங்கில் இடம் பிடித்து வைக்கமாட்டார்கள், அவள் கிட்ட வந்ததும் கதை நின்றுவிடும். தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. வகுப்பில் வைத்த பட்டப்பெயர் அன்று மாலையே எல்லோரும் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்துவிடும். புதிதாகத் தொடங்க வேறு கூட்டாளிகள் இல்லை.

"போய்ச் சேர்ந்து விளையாடு" என்று விரட்டுவதாலும், எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்க வைப்பதாலும் ஒதுக்கல் கூடுமே தவிரக் குறையாது. ஆலோசனை அறையில் படிப்பித்த நல்ல பழக்கமும் மைதானம்வரை வருவது அரிது. விதி அவளுக்குத் தெரியும், வேண்டிய நொடியில் நினைவுக்கு வராது. ஆகவே இடைவேளை மணி அடிக்குமுன் ஒரேயொரு நினைவூட்டல் போதும்: "மற்றவள் முடித்தபிறகு பேசு." அதைச் செய்தால் அப்போதே, எதைச் சரியாகச் செய்தாள் என்று சொல்லிப் பாராட்டுங்கள். குழுவேலையில் பொறுமைசாலியான ஒருத்தியுடன் இருவராக இருத்துங்கள். மொனிட்டர் பொறுப்பு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பெயர் எழுதிக் கொடுப்பவளை யார் சேர்ப்பார்கள்?

வீட்டில், கொழுந்து வேலையில்லாத ஞாயிறன்று ஒரே ஒரு பிள்ளையை அழையுங்கள். மூவரானால் ஒருத்தி வெளியே நிற்பாள், அது பெரும்பாலும் இவளாகவே இருக்கும். மணி கோர்ப்பது, கெரம் போன்ற கைவேலையோ விளையாட்டோ முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். ஒரு மணித்தியாலத்துக்குள், சண்டை வருமுன் முடித்துவிடுங்கள்.

மறதிக்காரி எல்லோருக்கும் இந்த முத்திரை குத்திவிடக்கூடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது 6 மாதம் நீடித்து, வீடு, பாடசாலை என இரண்டு இடங்களிலாவது தெரியவேண்டும். பார்வை, செவிப்புலன், தூக்கம், இரத்தசோகை ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். அரச வைத்தியசாலை மனநலப் பிரிவுகளில் கட்டணமில்லை. இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. மருந்து கவனத்துக்கு உதவும், பிரிந்துபோன சிநேகிதியை அது தானாகக் கூட்டிவராது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியர்கள் புள்ளிகளோடு இதையும் சொல்லட்டும்: உங்கள் மகள் இடைவேளையில் யாருடன் இருக்கிறாள்?

இப்படிக்கு,
வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியை,
ஹட்டன்.