செயல்திட்டப் பாடத்துக்கு நேரம் தந்த அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மென்பொருள் பொறியியல் மாணவர்கள் 14 வாரப் பருவம் முழுவதும் ஓர் அமைப்போடு கைகோத்து, அங்கே அன்றாடம் பயன்படப்போகும் மென்பொருளை எழுதிக் கொடுக்கும் பாடம் இது. வகுப்பறை, சர்வர், மதிப்பெண் அட்டவணை எல்லாம் ஆசிரியர் பக்கத்திலேயே கிடைத்துவிடும். கிடைக்காதவை இரண்டு: வேலை நேரத்தில் ஒரு மணி நேரம், முகத்துக்காகச் சொல்லாத பதில். அந்த இரண்டையும் தந்தவர்கள் நீங்கள். யார் எதைத் தந்தீர்கள், அது எங்கே போய் உதவுகிறது என்று விவரமாகச் சொல்வதுதான் முறை.

முதல் நன்றி, “இதுக்கு ஆப் எதுக்கு?” என்று கேட்டவர்களுக்கு. மாணவர்கள் பெரும்பாலும் தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு சிக்கலைத் தேடி வருகிறார்கள். அதனால்தான் முதல் 3 வாரம் ஒரு வரி நிரல்கூட எழுதக் கூடாது என்ற விதி. உங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நோட்டில் யார் எழுதுகிறார், அதை யார் படிக்கிறார், எந்தக் கட்டம் எப்போதும் காலியாகவே கிடக்கிறது என்று பார்த்து எழுதி வர வேண்டும். கூடவே இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: இது தப்பாக ஓடினால் யாருக்கு அடிபடும்? இது ஒரு நாள் ஓடாவிட்டால் வேலை எப்படி நடக்கும்? சில குழுக்கள் கடைசியில் ஒரு விரிதாளும் இரண்டு சூத்திரமும் போதும் என்ற முடிவுக்கு வரும். காரணத்தைச் சரியாக எழுதியிருந்தால் அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. மாணவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

குழுவுக்கு 5 பேருக்கு மேல் வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பதற்கும் உங்களைக் காப்பதே காரணம். 5 பேருக்குள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் தொடர்புகள் 10. 8 பேரென்றால் 28. ஒரே கேள்வியை மூன்று பேர் தனித்தனியாகப் போன் செய்து கேட்பது அங்கேதான் தொடங்குகிறது.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் கொண்டு சோதித்துக் கொடுத்த பார்வையற்ற நண்பர்களுக்குத் தனி நன்றி. தானியங்கிச் சோதனைக் கருவி, படத்துக்கு மாற்று உரை இல்லையென்றால் கண்டுபிடிக்கும். “படம்1” என்று எழுதி வைத்திருந்தால் தேர்ச்சி போட்டுவிடும். பொத்தான் போலத் தெரியும் வெறும் பெட்டியை மவுஸால் அழுத்தலாம். திரைவாசிப்பானோ அதைப் பொத்தான் என்று சொல்லாது, டேப் விசையும் அங்கே போய் நிற்காது. அழகு கெடுகிறதென்று ஃபோகஸ் கோட்டை அழித்துவிட்டால், விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. தவறான கட்டத்தைச் சிவப்பாக்கினால் போதும் என்ற நினைப்பும் இப்படித்தான். என்ன தவறு என்பதை எழுத்திலும் சொல்ல வேண்டும். இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூகேக் (WCAG) நெறிமுறையின் ஏஏ நிலை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் ஏறத்தாழ 2.8:1தான் தரும், அதைவிட அடர்ந்த #767676 தேறிவிடும். 2023இல் வந்த அதன் 2.2 பதிப்பு, தொடும் இலக்கு குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்களையெல்லாம் மாணவர் மனப்பாடம் செய்துவிடுவார். ஒரு படிவத்தை நிரப்ப நீங்கள் எட்டு நிமிடம் போராடுவதை வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அவை எதற்கென்று தெரிகிறது. சோதனையின்போது மாணவர் பேசக் கூடாது, மவுஸைத் தொடக் கூடாது என்ற விதியைப் பொறுமையாக ஏற்றுக்கொண்டதற்கும் நன்றி. இந்தச் சோதனைகள் நடக்கும் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானைப் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கினார், பார்வையற்றவரான ஜேம்ஸ் டே பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டார். அது இலவசம், திறந்த மூலமும்கூட. ஆகவே “கருவி வாங்கப் பணமில்லை” என்ற சாக்கு எந்தக் குழுவுக்கும் கிடையாது.

உடைந்த தமிழ் எழுத்துகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியவர்களை மறக்க முடியாது. “தமிழ்” என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 5 குறியீட்டுப் புள்ளிகள் (மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி எண்), அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். பெயர்க் கட்டத்துக்கு 20 பைட் போதும் என்று எண்ணியவர் இங்கே தடுக்கி விழுவார். “கொ” என்பதன் உயிர்க்குறியை ஒரே புள்ளியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது. தரவுத்தளத்தில் நுழையும்போதே, இரண்டையும் ஒரே புள்ளியாக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். தேடல் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்ற வேண்டும், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எஸ்எம்எஸ் விஷயம் இன்னும் ஆபத்தானது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறியீடுதான். செய்தி பிரிந்தால் ஒரு துண்டுக்கு 67. செலவைக் குறைக்க நிரலே செய்தியை 70இல் வெட்டினால் என்ன ஆகும்? தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. “முகாமுக்கு வர வேண்டாம்” என்று முடியும் நீண்ட செய்தி “முகாமுக்கு வர” என்று போய்ச் சேரும். இதைச் சுட்டிக்காட்டிய கள ஊழியர்கள் சொன்ன மருந்து எளிமையானது: “ரத்து” என்ற சொல்லை முதலில் வையுங்கள், வெட்டுவதற்குப் பதில் சுருக்கி எழுதுங்கள். எந்தப் பாடநூலிலும் இது இருக்காது என்று நினைக்கிறோம்.

“நிஜப் பதிவேட்டைத் தர மாட்டோம்” என்று மறுத்தவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. சரியாகவே செய்தீர்கள். மாணவர் லேப்டாப்பில் பயனாளிகளின் உண்மை விவரம் இருக்கக் கூடாது. பெயரை நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்ற நம்பிக்கையை அமெரிக்கக் கணினி ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி எப்போதோ உடைத்துவிட்டார்: பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு இந்த மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று 1990 மக்கள்தொகைத் தரவைக் கொண்டு காட்டினார். அதனால் கட்டங்களின் பெயரும் வகையும் மட்டும் வாங்கி, பொய்த் தரவைத் தயாரித்துத்தான் வேலை நடக்கிறது. அந்தப் பொய்த் தரவு ரொம்பச் சுத்தமாக இருப்பதுதான் குறை. முதலெழுத்து இல்லாத பெயர், தெரியாத பிறந்த தேதி, மூன்று பேருக்கு ஒரே கைபேசி எண் இவற்றையும் கலந்து வையுங்கள் என்று சொல்லித் தந்தது பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் எழுதி வருபவர்கள்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் “இதை யார் படிப்பார், எப்போது அழிப்போம்” என்று கேட்டு விடை இல்லாததை அடித்துவிட்டால், படிவமும் பாதியாகச் சுருங்கும்.

மாலையில் வந்து நிரலைத் திருத்திக் கொடுத்த பணியிலுள்ள பொறியாளர்களே, 400 வரிக்கு மேல் ஒரே மூச்சில் பார்க்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. அதற்கு மேல் போனால் கண் மேயுமே தவிர படிக்காது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கிட்டில் (Git) கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவி ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில், அதாவது அடுத்த பதிவில், அழிப்பது பயனில்லை, பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் சாவியையே செல்லாததாக்க வேண்டும் என்பதும் உங்கள் வாயிலிருந்து வந்தபோதுதான் உறைக்கிறது.

நேரில் அறியாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு மிகையளவு கதிர்வீச்சைக் கொடுத்தது. நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் அதை வரி வரியாக ஆராய்ந்து வெளியிட்டதால்தான், 255 வரை மட்டுமே எண்ணக்கூடிய ஓர் 8 பிட் எண்ணி (கவுண்டர்) நிரம்பிப் பூச்சியமாகும் கணத்தில் பாதுகாப்புச் சோதனை தவிர்க்கப்பட்டதை இரண்டாமாண்டு மாணவர்கூடப் புரிந்துகொள்ள முடிகிறது. முந்தைய மாதிரியில் இருந்த வன்பொருள் பூட்டை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பியது அதைவிடப் பெரிய தவறு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் தன்னார்வ நிரலாளர்கள் எழுதிய சகானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருளும், 1995இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, மாணவர்கள் சமூக அமைப்புகளுக்காகப் பொறியியல் வேலை செய்யும் எபிக்ஸ் (EPICS) பாடமும் இந்த வழிக்கு முன்னோடிகள்.

இனி, ஒப்படைப்பு. இந்தப் பாடம் அதிகம் தோற்பது இங்கேதான். டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) கிளவுட் கணக்கும் ஒரு மாணவரின் பெயரில் இருக்கும். அவர் பட்டம் வாங்கிப் போவார், பணம் கட்டிய அவரது அட்டை காலாவதியாகும், ஒரு நாள் காலை தளம் திறக்காது. அதனால் 11ஆம் வாரத்தோடு புதிய வசதிகளுக்குக் கதவடைப்பு. மீதி 3 வாரமும் ஒப்படைப்புக்கே. கணக்குகள் எல்லாம் அமைப்பின் பெயருக்கு, அமைப்பின் மின்னஞ்சலுக்கு மாற வேண்டும். உரிமக் கோப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றவும் பயன்படுத்தவுமான உரிமை எழுதியவரிடம் மட்டுமே நிற்கும், அவர் அனுமதியின்றி அடுத்த ஆண்டு மாணவர் அதில் கைவைக்க முடியாது. ஓராண்டுச் செலவை ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். பிறகு உங்களில் ஒருவர் வெறும் கணினியில், கையேட்டை மட்டும் பார்த்து மென்பொருளை நிறுவிக் காட்ட வேண்டும். நீங்கள் தடுமாறிய ஒவ்வோர் இடமும் கையேட்டின் பிழை. பேக்கப்பும் அப்படித்தான்: எடுத்து வைத்தோம் என்றால் மதிப்பெண் இல்லை, வேறொரு கணினியில் மீட்டுக் காட்டினால்தான் உண்டு. மீட்கும்போது படங்கள் இருந்த கோப்புறை பேக்கப்பில் சேரவே இல்லை என்பது அடிக்கடி வெளிவரும் உண்மை. இந்த அலுப்பான பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

வசதிகளை எண்ணி மதிப்பெண் போடாதிருக்க இசைந்த தேர்வுப் பிரிவினருக்கும் நன்றி. சக மாணவர் மதிப்பீட்டை 7ஆம் வாரமே ஒரு முறை எடுக்க அனுமதித்தது நல்லதாயிற்று. கடைசி வாரத்தில் மட்டும் எடுத்தால் யார் வேலை செய்யவில்லை என்பது தெரியும், சரிசெய்ய நாள் இருக்காது.

அடுத்த பருவத்துக்குச் சிக்கல் தர விரும்பும் அமைப்புகளுக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் டெமோ பார்க்கவும், “இது வேண்டும், இது வேண்டாம்” என்று அங்கேயே முடிவு சொல்லவும் அதிகாரமுள்ள ஒருவரை முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள். அப்படி ஆள் ஒதுக்க முடியாத பருவமென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே மென்பொருள் பெற்றுக்கொண்டவர்கள், டொமைன் புதுப்பிக்கும் தேதியை உங்கள் சுவர் நாட்காட்டியிலும் ஒருமுறை குறித்து வையுங்கள்.

நன்றியுடன்,
செயல்திட்டப் பாட ஆசிரியர்கள், வழிகாட்டிகள்