பதுவையில் இரண்டு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். மூன்று நாளில் வெரோனா, வெனிஸ், ஃபுளோரன்ஸ். ஊரெல்லாம் சுற்றும் தபால்காரர்கூட நடுவில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார்.

நான் சொல்வதைக் கேள். இரண்டு இரவும் வட இத்தாலியில் இருக்கும் பதுவையிலேயே தங்கு. ம்யூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெனிஸ் போகும் ரயில் அங்கே நின்றுதான் போகிறது. டிக்கெட்டில் 'பதோவா' என்று இருக்கும், குழம்பாதே. அங்கிருந்து வெனிஸ் அரை மணி நேரம்தான். ஒரு நாள் காலையில் போய்விட்டு இரவு திரும்பிவிடலாம். ஃபுளோரன்ஸ் இன்னொரு லீவுக்கு இருக்கட்டும்.

பதுவை என்றதும் இது அம்மாவின் வேலை என்று நினைத்திருப்பாய். பாதி சரி. விசா நேர்காணலுக்கு முந்தின வாரம் உன் மதிப்பெண் பட்டியல் காணாமல் போனதே, நினைவிருக்கிறதா? அன்றிரவு அவள் பதுவைப் புனிதர் அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்டாள். மறுநாள் அவளுடைய பட்டுப்புடவை மடிப்பிலிருந்தே அது விழுந்தது. அங்கே வைத்தது யார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. உவரி அந்தோனியார் கோயிலுக்குப் பதின்மூன்று செவ்வாய் போய்த் தன் பங்கை முடித்துவிட்டாள். ஆனால் 'என் மகள் பதுவைக்கே வந்து கும்பிடுவாள்' என்றும் சொல்லியிருக்கிறாளாம். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் வாங்கிய கடன் அது.

பதுவையில் இருக்கும் அவருடைய கோயிலை அங்கே 'இல் சாந்தோ', அதாவது 'புனிதர்', என்றுதான் சொல்வார்கள். புனிதர் என்றாலே அந்த ஊரில் அவர் ஒருவர்தான். பிறந்தது லிஸ்பனில் என்றாலும் 1231 ஜூன் 13 அன்று பதுவையை ஒட்டி உயிர்விட்டார். அடக்கம் செய்தது 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. நம் ஊர்ச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அங்கிருந்து வந்ததுதான். உள்ளே இடப்பக்கச் சிறகில் கல்லறை இருக்கிறது. வருகிறவர்கள் அதன் கல்லில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பார்கள். நீயும் அப்படி நின்று அம்மாவை நினைத்துக்கொள். தோள் மூடிய உடை போட்டுப் போ.

என் பாதிக்கு வருகிறேன். கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பிரிவில் 31 வருடம் உட்கார்ந்தவனுக்கு அந்த ஊரில் பார்க்க வேண்டியது வேறு. ஸ்க்ரோவெனி சிற்றாலயத்தைக் கட்டியவன் என்ரிகோ ஸ்க்ரோவெனி. அவனுடைய அப்பா ரெஜினால்தோ பேர்போன வட்டிக்காரர். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் வட்டிக்காரர்களைச் சுடுமணலில் உட்கார வைத்து, ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பணப்பையைத் தொங்கவிடுகிறார். ஒருவன் பையில் நீலப் பன்றி. பெயர் சொல்லவில்லை, ஆனால் அது ஸ்க்ரோவெனி குடும்பச் சின்னம் என்று ஊருக்கே தெரியும். அப்பாவின் பாவத்தைக் கழுவத்தான் மகன் ஆலயம் கட்டினான் என்பார்கள். 1305இல் அதைப் புனிதப்படுத்தினார்கள்.

சுவரெல்லாம் ஓவியர் ஜோத்தோ தீட்டியது. வாசல் சுவரில் கடைசித் தீர்ப்பு. அதில் என்ரிகோ மண்டியிட்டு, ஆலயத்தையே சின்ன வீட்டு பொம்மை மாதிரி தூக்கி மாதாவிடம் நீட்டுகிறான். அதே சுவரின் நரகத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். புத்தகத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அன்று மத்தியானம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அதற்கு இப்போதே முன்பதிவு செய். மூச்சுக்காற்றின் ஈரம் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால்மணி நேரம் உட்கார வைப்பார்கள், பிறகுதான் உள்ளே விடுவார்கள். உள்ளேயும் பெரும்பாலும் கால்மணி நேரம்தான். நேரம் தவறினால் காசு போனதுதான். அந்தக் கால்மணி நேரமும் போனை எடுக்காதே. முதலில் அண்ணாந்து அந்த நீலத்தைப் பார், பிறகு யூதாஸின் மஞ்சள் மேலாடையைப் பார். இயேசுவை முத்தமிடும்போது அந்தத் துணி அவரையே விழுங்குவதுபோல மூடுகிறது.

பல்கலைக்கழகம் 1222இல் தொடங்கியது, கலிலியோ 18 வருடம் பாடம் சொன்ன இடம். 1678இல் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா அங்கே முனைவர் பட்டம் வாங்கினார். உலகிலேயே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். நீ படிக்கும் படிப்புக்கு அவரை ஒருமுறை பார்த்து வணங்கிவிட்டு வா, சிலை இருக்கிறது. 1545இல் போட்ட தாவரத் தோட்டம் கால் வலிக்காவிட்டால் மட்டும்.

கடைசியாக ராஜோனே மாளிகை. கீழே காய்கறிச் சந்தை, மேலே பிரம்மாண்டமான ஒரே கூடம். அதன் மூலையில் ஒரு கறுப்புக் கல் கிடக்கிறது. கடனைக் கட்ட முடியாதவன் உள்ளாடையோடு அதில் மூன்று முறை உட்கார்ந்து எழுந்து, 'என் சொத்தை விட்டுவிட்டேன்' என்று ஊரார் முன்னால் சொல்ல வேண்டும். பிறகு ஊரைவிட்டே போய்விட வேண்டும். நாம் கட்டிய கோவணத்தோடு என்கிறோமே, அங்கே நடத்தியே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் கடனாளியைச் சிறையில் அடைத்தார்கள். 1231 மார்ச்சில், சாவதற்கு மூன்று மாதம் முன்பு, அந்தச் சட்டத்தை மாற்ற வைத்தவர் நம் அந்தோனியார்தான். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்றுதான் இத்தனை நாள் அவரை நினைத்திருந்தேன். இதைப் படித்த பிறகு உவரியில் நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அம்மாவிடம் சொல்லாதே.

அந்தக் கல்லை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு, பழைய அலுவலக நண்பர்களிடம் காட்ட வேண்டும். அதில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்துவிடாதே, உன் கல்விக் கடனில் இன்னும் 41 தவணை பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
அப்பா