லில் அரங்கத்தின் கூரையும் புல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் லில் கால்பந்துக் கழகத்தின் அரங்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இப்படியொரு கட்டுரை வருவது அரிது என்பதால்தான், அதிலுள்ள ஒரு பிழையைச் சொல்லாமல் விட மனமில்லை.

மைதானம் முழுவதும் அரங்கத்துக்கு வெளியே நகர்ந்துவிடும் என்று கட்டுரை சொல்கிறது. அது ஜெர்மனியில் ஷால்கே கழகத்தின் கெல்சன்கிர்ஷன் அரங்கம். அங்கே புல்தரை மொத்தமும் ஒரே தட்டில் வெளியே போய் வெயில் காயும். லில்லின் பியர் மொருவா அரங்கத்தில் மைதானம் நடுக்கோட்டில் இரண்டாகப் பிரிகிறது. வடக்குப் பாதியை ஹைட்ராலிக் ஜாக்கிகள் மேலே தூக்க, அது நகர்ந்து தெற்குப் பாதியின் தலைக்கு மேல் போய் நிற்கும். வடக்கே திறக்கும் பள்ளத்தில் ஆடுகளமும் இருக்கைகளும் அமையும். கூரையையும் மூடிவிட்டால், 50,000 பேர் அமரும் கால்பந்து அரங்கம் உள்ளரங்கமாக மாறிவிடும். 2014 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியையும் 2015 ஐரோப்பியக் கூடைப்பந்து இறுதியையும் 27,000 பேருக்கு மேல் இங்கே பார்த்தது அப்படித்தான். (கட்டுரையில் வந்ததுபோல் அரங்கத்தின் பெயர் 'மாராய்' அல்ல, மொருவா. லில் மேயராகவும் பிரான்ஸ் பிரதமராகவும் இருந்தவர். 2012இல் திறந்த அரங்கத்துக்கு, 2013இல் அவர் இறந்தபின் அந்தப் பெயர் வந்தது.)

இந்தத் திருத்தம் வெறும் தகவலுக்காக அல்ல. வெளியே போகும் மைதானத்துக்கு வெயில் கிடைக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், எத்தனை நாள் நிகழ்ச்சி நடக்கிறதோ அத்தனை நாளும் கீழ்ப்பாதி இருட்டில் கிடக்கும். மேலே இருக்கும் பாதிக்கோ மூடிய கூரை. வேர் ஆழமாக இறங்க அதற்கு நிலமும் இல்லை. தட்டில் பரப்பிய மண்தான்.

நிகழ்ச்சி இல்லாத நாளிலும் நிலைமை எளிதல்ல. லில் இருப்பது 50 பாகை வட அட்சத்துக்குச் சற்று மேலே. டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 16 பாகைதான் ஏறும். அந்த வெயிலில் 30 மீட்டர் உயரமுள்ள சுவர் 100 மீட்டருக்கு மேல் நிழல் போடும். மைதானத்தின் நீளமே 105 மீட்டர்! நாலாபுறமும் அடைத்த கிண்ணத்தில் காற்றோட்டமும் குறைவு. பனி உலராது, பூஞ்சை வரும், வேர் மேலாகவே நிற்கும். பூட்ஸ் ஆணி ஒரு திருப்புத் திருப்பினால் புல் மண்ணோடு பெயர்ந்து வரும்.

ஐரோப்பிய நாடுகள் மோதும் 2016 யூரோ கால்பந்துப் போட்டியில் இது உலகத்துக்கே தெரிந்தது. கடும் மழையில் தரை கெட்டுப்போக, ஜூன் 22இல் இத்தாலி - அயர்லாந்து ஆட்டம் முடிந்த கையோடு புல்லைப் பெயர்த்துப் புதிதாக விரித்தார்கள். அடுத்த ஆட்டம் 26ஆம் தேதி. மெல்லிய புல்சுருள் என்றால் வேர் பிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். நாலே நாளில் ஆட வேண்டுமானால் சுமார் 4 செ.மீ. தடிமனில் மண்ணோடு வெட்டிய கனத்த சுருள் வேண்டும். அதை வேர் பிடித்து வைத்திருப்பதில்லை, எடைதான் நிறுத்துகிறது. இரண்டு சுருளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டாலும் போதும், விளிம்பு காய்ந்து மேலே சுருளும். ஓடுகிறவரின் முன்பாதம் அங்கே மாட்டும்.

2024இல் வேறு விதமாக விலை கொடுத்தார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கின் கூடைப்பந்தும் ஹேண்ட்பாலும் அரங்கத்தை ஆகஸ்ட் 11 வரை எடுத்துக்கொண்டன. அதனால் ஆகஸ்ட் 6 அன்று ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் துருக்கியின் ஃபெனர்பாச்சே கழகத்தை லில் எதிர்கொண்டது சொந்த மண்ணில் அல்ல, பக்கத்து ஊரான வலான்சியெனில், 25,000 பேர் அமரும் அரங்கத்தில். 2-1 என்று வென்றார்கள். தோற்றிருந்தால், அதே போட்டியின் முதன்மைச் சுற்றில் அக்டோபர் 2ஆம் தேதி ரியல் மாட்ரிட்டை 1-0 என்று வீழ்த்திய அந்த இரவே லில்லுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்தப் பொறியியலை நானும் மதிக்கிறேன். ஆனால் கழகம் வாழ்வது புல்லில். இத்தகைய அரங்கங்களைப் பற்றி அடுத்து எழுதும்போது, புல் ஆண்டுக்கு எத்தனை நாள் இருட்டில் கிடக்கிறது, எத்தனை முறை மாற்றுகிறார்கள், அந்தச் செலவு யார் தலையில் என்பதையும் உங்கள் கட்டுரையாளர் விசாரித்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்