கேம்ப் வீட்டில் சம்பளம் ஒருவருக்கு, வேலை இருவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை மலைக்கு அனுப்பும் கேம்ப்களைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டணம் எவ்வளவு, என்ன விளையாட்டு, பாதுகாப்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று பெற்றோர் கேட்க வேண்டியதையெல்லாம் எழுதியிருந்தார்கள். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாப்பாட்டை யார் பொங்கிப் போடுகிறார்கள், அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் அந்தக் கோடை விடுமுறையில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நாங்கள் அப்படி ஒரு குடும்பம், அதனால் எழுதுகிறேன்.

ஏலகிரி மலையில் ஒரு கிறிஸ்தவ கேம்ப் சென்டரில் குடியிருக்கிறோம். பெயர் வேண்டாம். இதை நடத்தும் எங்கள் கமிட்டியை மட்டும் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை, இந்த மலையிலும் மற்ற மலைகளிலும் எங்களைப் போலக் குடும்பத்தோடு தங்கி வேலை செய்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் இதே கதைதான் வருகிறது. என் கணவர் முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், நான் வாணியம்பாடியில் நர்சரி டீச்சர். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்கு வருவார், பெரியவள் அப்பாவைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். இங்கே மேனேஜர் வேலை, வீடு இலவசம், கரண்ட் இலவசம், சீசனில் சாப்பாடும் இலவசம் என்றதும் யோசிக்காமல் வந்துவிட்டோம். வேலைக்கான கடிதம் அவர் பெயரில்தான். இன்டர்வியூவில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அதிகம் பேருக்குச் சமைத்துப் பழக்கம் உண்டாம்மா?"

அந்தக் கேள்விக்கு உண்டான சம்பளம் இன்றுவரை வரவில்லை, அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

சீசன் என்றால் ஏப்ரல், மே. ஈஸ்டர் முடிந்த கையோடு வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சி, வாலிபர் கேம்ப், பெண்கள் ஐக்கியம், போதகர்கள் தியானம் என்று ஒரு பஸ் இறங்கும்போதே இன்னொரு பஸ் ஏறிக்கொண்டிருக்கும். அப்புறம் காலாண்டு லீவு, கிறிஸ்துமஸ் லீவு. போதகர்கள் வந்தால் ஐந்தரைக்குக் காபி கேட்பார்கள், வாலிபர்கள் வந்தால் ராத்திரி பதினொன்றரைக்குச் சுடுதண்ணீர் கேட்பார்கள். பாய்லருக்கு விறகு போட ஆள் வரவில்லையென்றால் நான். சமையலுக்கு ஒரு மாஸ்டரும் இரண்டு அக்காக்களும் தினக்கூலிக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று நின்றால், அன்று அன்னக்கூடையின் இன்னொரு காதைப் பிடிப்பதும் நான். கேம்ப் முடிந்த அன்றைக்கு நூற்றுக்கு மேல் பெட்ஷீட், தலையணை உறை. மே மாதக் கடைசியில் திடீர் என்று மழை பிடித்துக்கொண்டால் சாப்பாட்டு ஹாலுக்குள் கயிறு கட்டி மின்விசிறியைப் போட்டுக் காயவைப்போம், அடுத்த குழு வரும்போது அவற்றில் சாம்பார் வாசனை இருக்கும். குறிப்புப் புத்தகத்தில் யாரோ ஒருவர் அதையும் புகாராக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

கூட்டத்தில் பைபிளில் வரும் மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும். அடுக்களையிலேயே கிடந்தாளே, இயேசுவின் பாதத்தில் உட்காரவில்லையே என்று ஸ்பீக்கரில் கேட்கும். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, ஆனால் மார்த்தாளைக் கண்டிக்கிற ஐயாவுக்கும் சரியாக ஒரு மணிக்குச் சாப்பாடு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் வேடிக்கை. அன்றுதான் பிரியாணி, அன்றுதான் எல்லோரும் ரூம் காலி செய்வது. அதனால் சீசன் முழுவதும் ஆராதனைக்குப் போக முடியாத ஒரே கிறிஸ்தவக் குடும்பம் கேம்ப் மேனேஜர் குடும்பம்தான். சரி, பிள்ளைகளுக்கு ஆராதனைக்குக் குறைவில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லோரும் வருவதால் பெரியவள் இப்போது கைதட்டுவதை வைத்தே எந்த சபை என்று சொல்லிவிடுகிறாள்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஜூன், ஜூலையில் கேம்ப் காலியாக இருக்கும்போது இந்த இடம் முழுக்க எங்களுடையதுதான். சின்னவன் சாப்பாட்டு ஹாலுக்குள் பெஞ்சுகளைச் சுற்றி சைக்கிள் ஓட்டுவான். கொய்யாவும் பலாவும் காசு கொடுத்து வாங்குவதில்லை. பக்கத்து ஊர் மலையாளி (இந்த மலையின் பழங்குடியினர், கேரளாக்காரர்கள் இல்லை) குடும்பங்களில் என்னைவிட வயதில் மூத்த அக்காக்கள் இருக்கிறார்கள், சின்னவன் பிறந்த சமயத்தில் என் அம்மா வந்து இருக்க முடியாதபோது பத்தியச் சமையல் செய்து கொடுத்தது அவர்கள்தான், எந்த சபை என்றும் கேட்கவில்லை, எந்தச் சாமி என்றும் கேட்கவில்லை. ஆம்பூர் வெயிலை நினைத்தால் இந்த ஆயிரத்து நூறு மீட்டர் உயரம் பெரிய பாக்கியம். அப்பா மூன்று வேளையும் பிள்ளைகளோடு சாப்பிடுகிறார். இதெல்லாம் பணம் கொடுத்தாலும் கிடைக்காது என்று தெரியும், கமிட்டியிலும் சம்பளம் பேசும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வார்கள். எங்கள் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பட்ஜெட் கூட்டத்துக்கு மேலே வருகிறவர்கள் பாரியையும் ஓரியையும் வழியிலேயே பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், பலன் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு மே மாத ராத்திரி. கீழே மைதானத்தில் கேம்ப் ஃபயர், பாட்டு, கிட்டார். வீட்டுக்குள் சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்துவிட்டது. அன்று மாலையிலிருந்தே கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடுகிறது, அதை நிறுத்திப் போடத் தெரிந்தவர் கேம்பிலேயே என் கணவர் ஒருவர்தான். நூற்றுச்சொச்சம் பிள்ளைகளை இருட்டில் விட்டுவிட்டு அவர் வர முடியாது. நான் பெரியவளைச் சமையல் அக்காவிடம் விட்டுவிட்டு, பஸ் டிரைவர் ஒருவரை எழுப்பி, அவர் யாரிடமோ வேன் வாங்கி, ஈரத்துணியோடு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கித் திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது கேம்ப் கன்வீனர் அன்போடு விசாரித்தார், ஜெபம் செய்தார், ஜெபம் முடிந்ததும் "டிபன் மட்டும் கொஞ்சம் லேட் ஆயிடுச்சும்மா" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மாற்று ஆள் ஒருவரை வைக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியது அவரா, இடத்தை நடத்துகிறவர்களா?

எங்கள் வீடு சாப்பாட்டு ஹாலுக்குப் பின்புறம் இரண்டு ரூம். கதவுக்கும் கேம்புக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. "அக்கா தைலம் இருக்கா", "அக்கா ஊசி நூல்", "அக்கா சார்ஜர்" என்று வருபவர்கள் தட்டக்கூட மாட்டார்கள். என் மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள். வாரா வாரம் முன்பின் தெரியாத நூறு பேர் வந்து போகிற இடத்தில் அவள் வளர்கிறாள் என்பதை இதுவரை எந்தக் கமிட்டி உறுப்பினரும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. நானாகச் சில சட்டங்கள் போட்டிருக்கிறேன்: தங்கும் அறைகள் பக்கம் போகக்கூடாது, யார் சாக்லேட் கொடுத்தாலும் அம்மா கண் முன்னால்தான் வாங்க வேண்டும், எந்த அங்கிள் போட்டோ எடுக்கக் கூப்பிட்டாலும் அப்பாவிடம் கேட்டுவிட்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அவளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். கேம்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று உங்கள் கட்டுரை எழுதியது, சரி, கேம்பிலேயே இருக்கிற பிள்ளைகளுக்கும் அதைச் சேர்த்து எழுதுங்கள். குழுவோடு வருகிற தலைவர்கள், சமையலுக்கு எடுக்கிற ஆட்கள் யார் என்று விசாரித்து, ஆதார் நகலாவது வாங்கி வைப்பது பெரிய காரியமா?

இனி பணத்துக்கு வருகிறேன். பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான் கட்டாயம், இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர். கேம்ப் சென்டர்களில் நிரந்தர ஆட்கள் ஐந்தாறு பேரைத் தாண்டுவதில்லை, மற்றவர்களெல்லாம் சீசன் கூலி. அதனால் இரண்டும் கிடையாது. மனைவி எந்தக் கணக்கிலும் கிடையாது. நாளைக்கு என் கணவருக்கு ஒன்று ஆனால் வேலையும் போகும், வீடும் அன்றே போகும், ஏனென்றால் வீடு வேலையோடு ஒட்டியது. இதைப் பேசினால் கிடைக்கிற பதில்: "ஊழியத்தில் இதெல்லாம் பார்க்கக் கூடாதும்மா, திருப்பத்தூர் ஆசிரமத்தைப் பாருங்கள்."

பார்த்தேன். கிறிஸ்துகுல ஆசிரமத்தை 1921-ல் தொடங்கியவர்கள் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும். பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஊரே கூப்பிட்டது. கோயில் பாணியில் கோபுரம் வைத்து அவர்கள் கட்டிய ஜெபாலயத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். தங்களுக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் நோயாளிகளுக்காக வாழ்ந்த மனிதர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய பிள்ளைகள் அவர்களுக்குக் கிடையாது. அதைவிட முக்கியம், அந்த எளிமையை அவர்கள் முதலில் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள். இன்னோவாவில் வந்து மீட்டிங் போட்டுவிட்டு மாலையே சென்னைக்குத் திரும்புகிறவர்கள் அந்த ஆசிரமத்தை எங்களுக்கு உதாரணமாகக் காட்டுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மனைவியும் வேலை செய்கிறாள் என்றால் அவள் பெயரில் தனியாகக் கடிதம், தனியாகச் சம்பளம், பாதியானாலும் அவள் கணக்கில் போடுங்கள். சீசனிலும் வாரத்தில் ஒரு நாள் லீவு, அன்றைக்கு ஜெனரேட்டர் ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள். வீட்டுக்கு ஒரு தடுப்புச் சுவர், ஒரு கேட். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு, அதன் பிரீமியம் ஒரு கேம்பில் வீணாகும் சோற்றின் விலைகூட வராது என்று நினைக்கிறேன். இன்னொன்று, தேவாலயங்களில் வேலை செய்கிற உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு ஒரு நலவாரியம் வைத்திருக்கிறது. நான் கேட்டுப் பார்த்த கேம்ப் ஆட்களில் ஒருவர்கூட அதில் பதிவு செய்திருக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. கேம்ப் சென்டர்களில் வேலை செய்பவர்களும் அதில் சேரலாமா என்று அரசு தெளிவாக அறிவிக்கட்டும், சேரலாம் என்றால் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கிற வேலையைக் கமிட்டிகள் செய்யட்டும்.

"அப்படியானால் வேலையை விட்டுவிட வேண்டியதுதானே" என்று யாராவது பதில் கடிதம் எழுதுவார்கள். விட மாட்டோம். இந்த வேலை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் தோற்றுப்போய் யாரோடும் பேசாமல் வந்த ஒரு பையன் மூன்றாவது நாள் என் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே தன் வீட்டுக் கதையெல்லாம் சொன்னான், இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு போன் பண்ணுவான். அந்த மாதிரி ஆட்கள் வருகிற இடத்தை யார் விடுவார்கள்? பிடித்த வேலைக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக, இந்தக் கோடைக்குக் கேம்ப் பதிவு செய்திருக்கும் கன்வீனர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 120 பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 150 பேரோடு இறங்காதீர்கள். ஆள் கூடுவதாக இருந்தால் முந்தின நாள் காலையிலேயே ஒரு போன் போடுங்கள், இட்லிக்கு ஊறப்போட்டுவிடலாம். சொல்லாமல் வந்தால் ரவை உப்புமாதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏலகிரி மலை, திருப்பத்தூர் மாவட்டம்