பழைய கிட்னியையும் சேர்த்துப் பாருங்கள்

தமிழ்நாட்டின் சிறுநீரக மாற்று மையங்களில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சிறுநீரக மாற்று அறுவை தொடங்கி இன்றுவரை எத்தனையோ குடும்பங்களுக்கு நீங்கள் உயிர்ப்பிச்சை தந்திருக்கிறீர்கள். அதில் எங்கள் குடும்பமும் ஒன்று. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். மாற்று அறுவை முடிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எழுதும்போது, உள்ளேயே இருக்கும் பழைய கிட்னிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

அவை உள்ளேயே இருப்பது பல நோயாளிகளுக்குத் தெரியாது. கெட்டுப்போனதை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான் நினைத்திருந்தார். அவருடைய ஃபாலோ-அப் சீட்டுகளில் எப்போதும் ஒரே வரிதான்: 'மாற்றுச் சிறுநீரகம், டாப்ளர்'. புதுக் கிட்னி இருக்கும் வலது அடிவயிற்றில் ஜெல் தடவுவார்கள், அளவும் ரத்த ஓட்டமும் பார்ப்பார்கள், துடைத்துக்கொள்ள டிஷ்யூ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பழைய கிட்னிகள் இருக்கும் விலாப் பக்கம் கருவி போனதே இல்லை. பித்தப்பைக் கல் சந்தேகத்தில் வேறொரு இடத்தில் முழு வயிற்று ஸ்கேன் எடுத்தபோதுதான், இடது பழைய கிட்னியில் கட்டி இருப்பது தெரிந்தது. எடுத்துப் பரிசோதித்ததில், சிறுநீரகப் புற்றுநோய்களில் ஒன்றான பாப்பில்லரி வகை. நல்லவேளை, கிட்னியைத் தாண்டிப் பரவவில்லை. அம்மா கொடுத்த கிட்னி அதன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் நல்லவேளையை நம்பி எத்தனை பேரை விட முடியும்? மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்படி வருவதில் பெரும்பகுதி புதுக் கிட்னியில் வருவதில்லை, பழையதில்தான் வருகிறது. அங்கே வந்தால் எச்சரிக்கை மணியும் அடிக்காது. ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு புதுக் கிட்னியின் நிலையைத்தான் சொல்லும். சுருங்கிப்போன பழைய கிட்னியிலிருந்து சிறுநீரே சரியாக வராதபோது, சிறுநீரில் ரத்தம் என்ற அறிகுறியையும் நம்பியிருக்க முடியாது. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை நன்றாக வருகிறதே என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும்.

கட்டி என்றாலே ஒரே நோய் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு அனுபவப்பட்ட பிறகுதான் புரிந்தது. பொதுவாக வரும் சிறுநீரகப் புற்றுநோயில் முக்கால் பங்கு அளவுக்கு 'கிளியர் செல்' வகை. டயாலிசிஸில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களிடம் பாப்பில்லரி வகையின் பங்கு கூடுகிறது. டயாலிசிஸ் காலத்தில் பழைய கிட்னியில் உருவாகும் நீர்க்கட்டிகளோடு சேர்ந்து வரும் புற்றுக்கு, 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் தனி இடமே கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், கிளியர் செல் பாப்பில்லரி என்ற கட்டி மிகவும் சாதுவானது என்று கண்டு, 2022-ல் அதன் பெயரிலிருந்து புற்றுநோய் என்பதையே நீக்கிவிட்டார்கள். ஆகவே கட்டி தெரிந்ததுமே பதறச் சொல்லவில்லை. இருப்பது தெரிந்தால்தானே என்ன வகை என்று பார்க்க முடியும்?

எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும் என்று சில மருத்துவர்கள் சொல்வது நியாயமான கவலை. நீர்க்கட்டிகள் நிறைந்த சுருங்கிய கிட்னியை அல்ட்ராசவுண்டில் படிப்பது கடினம், அடுத்து சி.டி. என்றால் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்து புதுக் கிட்னியைப் பாதிக்குமோ என்ற தயக்கம். சரி, அதற்கும் வழி இருக்கிறது. நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்டில் அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை. நீர்க்கட்டிகளைத் தரம் பிரிக்க 1986 முதல் போஸ்னியாக் முறை இருக்கிறது. சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல்களை வகுக்கும் கேடிகோ (KDIGO) அமைப்பின் 2009 வழிகாட்டுதல் அவரவர் ஆபத்தைப் பார்த்துப் பரிசோதனையைத் திட்டமிடச் சொல்கிறது. 2020 வழிகாட்டுதலோ மூன்றாண்டோ அதற்கு மேலோ டயாலிசிஸ் செய்தவர்களைப் போன்ற ஆபத்து கூடியவர்களுக்கு, மாற்று அறுவைக்கு முன்பே அல்ட்ராசவுண்டைப் பரிந்துரைக்கிறது. எல்லோருக்கும் முடியாவிட்டால், இவர்களிலிருந்தாவது தொடங்கலாமே.

நம் ஊரில் இவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அத்தனை காலமும் டயாலிசிஸ், அத்தனை காலமும் நீர்க்கட்டிகள் வளர்கின்றன. அப்புறம் மாற்று அறுவை முடிந்ததும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் ஆயுளுக்கும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்ய வேண்டியதும் மற்றவர்களைவிட இவர்களுக்குச் சுலபம். நன்றாக வேலை செய்யும் கிட்னியில் கட்டி வந்தால் எவ்வளவை வெட்டுவது, எவ்வளவை மிச்சம் வைப்பது என்று யோசிக்க வேண்டும். வேலை செய்யாத பழைய கிட்னியை முழுதாக எடுத்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பரவிய பிறகு வந்தால்தான் சிக்கல். புற்றுநோய்க்கு இன்று தரும் இம்யூனோதெரபி மருந்துகள் புதுக் கிட்னியை உடல் நிராகரிக்கத் தூண்டிவிடலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: எத்தனை ஆண்டு டயாலிசிஸ், பழைய கிட்னிகள் இப்போது எப்படி இருக்கின்றன. ஸ்கேன் சீட்டில் 'மாற்றுச் சிறுநீரகம்' என்பதற்குப் பக்கத்தில் 'இரு பழைய சிறுநீரகங்களும்' என்று எழுதுங்கள்.

நன்றியுடன்,
மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் தம்பி